தன்மை, முன்னிலை, படர்க்கை

போன வாரம் பூரா ஆணி புடுங்குற வேலையே நடக்கலை மக்களே. அதைவிடக் கொடுமையான வேலை ஒண்ணு நடந்துச்சு. அப்ரைசல்.

வாங்குறது இல்லீங்க, எழுதுறது. போன வருஷம்தான் என்னை டீம் லீட் ஆக்கினாங்க. சம்பளம் ஏறினதைவிட மீட்டிங் ஏறினதுதான் ஜாஸ்தி. கூடவே அஞ்சு பேருக்கு அப்ரைசல் எழுதுற புண்ணியமும் கிடைச்சுது. ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு பொட்டி. ஒண்ணுல அவரோட பலம் என்னன்னு எழுதணும். இன்னொண்ணுல எதுல இன்னும் முன்னேறணும்னு எழுதணும். ரெண்டாவதுக்கு நாகரிகமா பேர் வெச்சிருக்காங்களே தவிர, அது குறை சொல்ற பொட்டிதான்.

இந்த வருஷம் ரெண்டாவது தடவை. சரி, போன வருஷம் எழுதினதை எடுத்து அங்கங்க தட்டி ஒட்டிடலாம்னு (நம்ம பொழப்பே காப்பி பேஸ்ட்தானே) பழைய ஃபார்மைத் திறந்தேன். எங்க டீம் டெஸ்டர் அக்காவுக்கு நான் எழுதியிருந்தது இதுதான்: "ரொம்ப ரிஜிட். ஒப்பீனியனேட்டட். அடுத்தவங்க சொல்றதை ஏத்துக்குறதுல சிரமம் இருக்கு."

பக்கத்து டேப்ல, அதே வருஷம் எங்க டேமேஜர் எனக்கு எழுதினது திறந்து கிடந்துச்சு: "ஸ்ட்ராங் கன்விக்‌ஷன். நெருக்கடி வந்தாலும் நிலையை மாத்திக்காதவர்."

எனக்கு அந்தப் பாராட்டு எதுக்குக் கிடைச்சுதுன்னு நல்லா ஞாபகம் இருக்கு. ஒரு புராஜெக்ட்ல டேட்டாபேஸை மாத்தச் சொல்லி மூணு வாரம் எல்லாரும் கெஞ்சினாங்க. மாட்டவே மாட்டேன்னு நின்னேன். அக்கா எதுக்குக் குட்டு வாங்கினாங்கன்னும் ஞாபகம் இருக்கு. ஒரு ரிலீஸுக்கு ஓகே சொல்ல மாட்டேன்னு ரெண்டு நாள் நின்னாங்க. நான் நின்னா கன்விக்‌ஷன். அவங்க நின்னா ரிஜிட். 'ஙே'ன்னு ஸ்க்ரீனையே பாத்துட்டு உக்காந்திருந்தேன்.

இந்த வார்த்தையெல்லாம் எங்க கத்துக்கிட்டேன்னு யோசிச்சா, கொசுவத்தி சுத்த வேண்டியதுதான்.

மெக்கானிக்கல் மூணாவது வருஷம். வகுப்புல பாதிப் பேர் அமெரிக்கா போற மூடுல இருந்தாங்க. நானும் விடுவேனா? பெரியப்பா பையன் படிச்சு முடிச்சு வெச்சிருந்த பாரன்ஸ் ஜி.ஆர்.ஈ. புத்தகத்தைத் தூக்கிட்டு வந்தேன். அதுல 3500 வார்த்தை லிஸ்ட் இருக்கும். அவன் எழுதின காலத்துல எதிர்ச்சொல் கண்டுபிடிக்கிற கேள்வியெல்லாம் உண்டு. 2011-ல பரீட்சை முறையை மாத்தினப்போ அதையெல்லாம் தூக்கிட்டாங்க. அது தெரியாம நான் பழைய புத்தகத்தை வெச்சுக்கிட்டு ஆறு மாசம் மனப்பாடம் பண்ணினேன். கடைசியில கேம்பஸ்ல வேலை கிடைச்சு, மெக்கானிக்கல் படிச்சவன் பொட்டி தட்ட வந்துட்டேன். அமெரிக்கா அங்கயேதான் இருக்கு.

அந்த நோட்டை நேத்து பரண்ல இருந்து எடுத்தேன். ஒரே அர்த்தம் வர்ற வார்த்தைகளை ஒரே பக்கத்துல எழுதறது என் பழக்கம். முதல்ல நிரம்பினது எந்தப் பக்கம்னு நினைக்கிறீங்க? 'பிடிவாதம்'. ஸ்டபர்ன், ஆப்ஸ்டினேட், ஆப்டியூரேட், இன்ட்ரான்சிஜன்ட், ரிகால்சிட்ரன்ட், ரிஃப்ராக்டரி, டாக்மாட்டிக், பெர்ட்டினேஷியஸ், மியூலிஷ், பிக்ஹெடட், ஹெட்ஸ்ட்ராங். எல்லாத்துக்கும் நேரே ஒரே அர்த்தம்: பிடிவாதக்காரன். மேல போட்டது மேற்படி குறிதான். பரீட்சைக்கு அது போதும். ஆனா இத்தனை வார்த்தை எதுக்கு? ஒரு குணத்துக்கு ஒரு வார்த்தை போதாதா வெள்ளைக்காரனுக்கு? நேத்து ராத்திரி தூக்கம் வராம ஒவ்வொண்ணா நோண்டிப் பாத்தேன்.

முதல்ல மிருகங்கள். பிக்ஹெடட்னா பன்னித்தலை. மியூலிஷ்னா கோவேறு கழுதை மாதிரி. ரிகால்சிட்ரன்ட்ல மிருகம் தெரியாது, ஆனா உள்ள ஒளிஞ்சிருக்கு. லத்தீன்ல 'கால்க்ஸ்'னா குதிகால். குதிகாலால உதைக்கிறவன்தான் ரிகால்சிட்ரன்ட். பாவம் இந்தக் கழுதை. குதிரை பயந்தா ஓடும். கழுதை பயந்தா ஓடாது, அப்படியே நின்னுடும். முன்னாடி என்னமோ சரியில்லைன்னு தோணினா ஒரு அடி எடுத்து வைக்காது. மேல உக்காந்திருக்கிறவனுக்கு அந்தப் பயம் தெரியாது. அவனுக்குத் தெரியறது ஒண்ணுதான், கழுதை நகர மாட்டேங்குது. உடனே பேர் வெச்சுட்டான்.

அடுத்து கல்லு. ஆப்டியூரேட்ல இருக்கிறது 'டூரஸ்', கெட்டின்னு அர்த்தம். ரிஃப்ராக்டரியைப் பாத்ததும் எனக்கு மெட்டலர்ஜி கிளாஸ் ஞாபகம் வந்துடுச்சு. உலைக்கு உள்பக்கம் வெச்சுக் கட்டுற செங்கலுக்கு ரிஃப்ராக்டரி செங்கல்னு பேர். இரும்பே குழம்பாகிற சூட்லயும் அது உருகாது. செங்கலுக்கு வெச்ச பேரைத்தான் மனுஷனுக்கு வெச்சாங்கன்னு இத்தனை நாள் நினைச்சுட்டிருந்தேன். உல்ட்டா. முதல்ல சொன்ன பேச்சு கேக்காத மனுஷனைச் சொல்ற வார்த்தை. லேசுல உருகாத தாதுவுக்கும் கல்லுக்கும் அப்புறம்தான் அந்தப் பேர் போச்சு. மனுஷனுக்கு வைக்கும்போது அது வசவு. செங்கலுக்கு வைக்கும்போது அதுதான் தரம். உருக மாட்டேன்னு அடம் புடிக்கிற கல்லு இல்லைன்னா உலையே உருகிடுமே.

அப்புறம் ஜோடிகள். டினேஷியஸ், பெர்ட்டினேஷியஸ் ரெண்டும் ஒரே லத்தீன் வேர்ல இருந்து வந்தது. 'விடாமப் பிடிச்சுக்கிறது'ன்னு அர்த்தம். நம்ம உடும்புப்பிடி. முதல் வார்த்தை பெரும்பாலும் பாராட்டு, ரெண்டாவது பெரும்பாலும் எரிச்சல். பிடி ஒண்ணுதான்.

ஆள் பேர்ல வந்ததும் இருக்கு. மேவரிக்னா யார் பேச்சையும் கேக்காம தன் வழியில போறவன். சாமுவேல் மேவரிக்னு டெக்சாஸ்ல ஒரு வக்கீல் இருந்தார். 19-ம் நூற்றாண்டு. கடனுக்கு ஈடா அவர்கிட்ட ஒரு மாட்டு மந்தை வந்து சேர்ந்துச்சு. ஊர்ல எல்லாரும் மாட்டுக்குச் சூடு போட்டு அடையாளம் வைப்பாங்க. இவர் வைக்கலை. சூடு இல்லாம திரியற மாட்டையெல்லாம் மேவரிக்னு சொல்ல ஆரம்பிச்சாங்க, அப்புறம் அது மனுஷனுக்கும் வந்துடுச்சு. கொள்கைக்காக அவர் சூடு போடாம விட்டாரா? மாட்டு மேல அவருக்கு அக்கறையே இல்லைங்கிறதுதான் பரவலா சொல்ற கதை. சோம்பேறித்தனத்துக்குக்கூட நல்ல பேர் கிடைக்குது பாருங்க! இதுல ஒரு கிளைக்கதை. அவரோட பேரன் மோரி மேவரிக் அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினரா இருந்தவர். 1944-ல, ஆபீஸ் கடிதங்கள்ல வர்ற புரியாத பகட்டு பாஷையைத் திட்டறதுக்கு 'காபில்டிகூக்'னு ஒரு வார்த்தையைக் கண்டுபிடிச்சார். வான்கோழி கத்தற மாதிரி இருக்குன்னு. அப்ரைசல் ஃபார்ம் எழுதுற எனக்கு அது சுருக்குன்னுச்சு.

டைஹார்ட்னா நமக்கு 1988-ல வந்த ப்ரூஸ் வில்லிஸ் படம்தான். அந்த வார்த்தை 1811-ல ஸ்பெயின்ல அல்புவேரான்னு ஒரு ஊர்ல நடந்த சண்டையில இருந்து பிரபலமாச்சு. பிரிட்டிஷ் 57-வது ரெஜிமென்ட்டோட கர்னல் வில்லியம் இங்க்லிஸ், குண்டடி பட்டும் களத்தை விட்டுப் போக மாட்டேன்னு கிடந்து, லேசுல சாகாதீங்கடான்னு தன் ஆளுங்களைப் பாத்துக் கத்தினாராம். அந்த ரெஜிமென்ட்டுக்கு அதுவே பட்டப்பேர் ஆயிடுச்சு. சரியா நூறு வருஷம் கழிச்சு 1911-ல, பிரபுக்கள் சபையோட அதிகாரத்தைக் குறைக்கிற மசோதாவைக் கடைசி வரைக்கும் எதிர்த்த பிரபுக்களுக்கும் அதே பேரை வெச்சாங்க. அங்க வீரம். இங்க, காலம் மாறினது தெரியாத கிழங்கள். வார்த்தையில ஒரு எழுத்துகூட மாறலை.

கடைசியா கருத்துக்காரர்கள். டாக்மான்னா கிரேக்கத்துல மூலம் 'தோணறது'. ஒருத்தருக்கு இப்படித் தோணுது, அவ்வளவுதான். அது எப்படியோ இறுகி இறுகி, கேள்வியே கேக்கக் கூடாததுக்குப் பேர் ஆயிடுச்சு. ஒப்பீனியனேட்டட் கதை நம்ம தொழிலுக்கு இன்னும் நெருக்கம். ரூபி ஆன் ரெயில்ஸ் 2004-ல வெளிய வந்துச்சு. அதை எழுதின டேவிட் ஹைன்மையர் ஹான்சன், இது ஒப்பீனியனேட்டட் சாஃப்ட்வேர்னு பெருமையா சொல்லிக்குவார். ஃபைலுக்கு என்ன பேர், எதை எங்க வைக்கணும், எல்லாத்துக்கும் அதுக்கு ஒரு கருத்து உண்டு. பைத்தான்ல கோடை ஒழுங்குபடுத்துற 'பிளாக்'னு ஒரு டூல் இருக்கு. அதை எழுதினவங்களே அதுக்கு 'அன்காம்ப்ரமைசிங்'னுதான் அடைமொழி கொடுத்திருக்காங்க. சமரசமே கிடையாது. நான் சந்தோஷமா யூஸ் பண்றேன். யாரும் சண்டை போட வேண்டாம்ல! ஆனா அதே வார்த்தையை ஒரு மனுஷிக்கு எழுதினப்போ, அது குறை சொல்ற பொட்டியில போய் உக்காந்துச்சு.

இதையெல்லாம் ஒரே போடா போட்டவர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல். 1948-ல பிபிசி வானொலியில 'ப்ரெயின்ஸ் டிரஸ்ட்' நிகழ்ச்சியில ஒரு விளையாட்டு இலக்கணம் சொன்னார். நாம ஸ்கூல்ல படிச்ச தன்மை, முன்னிலை, படர்க்கைதான். ஆள் மாற மாற வினைச்சொல் விகுதி மாறுமே, அந்த மாதிரி ஒரே குணத்துக்கு ஆள் மாற மாறப் பேர் மாறுது. என்னைச் சொல்லும்போது உறுதி. எதிர்ல இருக்கிற உங்களைச் சொல்லும்போது பிடிவாதம். இங்க இல்லாத அவனைச் சொல்லும்போது பன்னித்தலை முட்டாள்.

படிச்சதும் சிரிப்பு வந்துச்சு. நம்ம வீட்டுல நடக்காததா? அப்பா பண்ணா கொள்கை. நான் பண்ணா வீம்பு. தங்கச்சி பண்ணா அடம். பக்கத்து வீட்டு மாமா பண்ணா திமிர். அம்மா பண்ணா அதுக்குப் பேரே கிடையாது, அது நடக்கும், அவ்வளவுதான். தமிழ்லயும் வைராக்கியத்துல ஆரம்பிச்சு அழிச்சாட்டியம் வரைக்கும் வரிசையா படிக்கட்டு இருக்கு. எந்தப் படியில நிக்கிறோம்கிறதைப் பிடிவாதம் புடிக்கிறவர் முடிவு பண்றது இல்லை. பாக்கிறவர்தான் முடிவு பண்றார்.

அப்பதான் ஒண்ணு உறைச்சுது. அப்ரைசல் ஃபார்ம் எப்பவுமே படர்க்கையிலதான் எழுதறோம். 'அவர் இப்படி', 'அவங்க இப்படி'. எழுதும்போது அந்த ஆள் எதிர்ல இல்லை.

சரி, அந்த ரிலீஸ்ல என்னதான் ஆச்சு? பில் போடுற சாஃப்ட்வேர். 10 ரூபா 25 பைசா பொருள் மூணு, வரி 18 சதவீதம். ஒரு பொருளுக்கு வரி 1.845, அதை முழுசாக்கினா 1.85. மூணுக்கும் சேத்து 5.55. இன்னொரு ரிப்போர்ட்ல மொத்தத் தொகை 30.75-க்குச் சேத்து வரி போட்டிருந்தோம். அது 5.535, முழுசாக்கினா 5.54. பில்லுக்கும் ரிப்போர்ட்டுக்கும் ஒரு பைசா வித்தியாசம். அக்கா அதைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"ஒரு பைசாவுக்கா அக்கா ரிலீஸை நிறுத்துவீங்க?"

"ஒரு பில்லுக்கு ஒரு பைசா தம்பி. மாசத்துக்கு எத்தனை பில்லு? கணக்குப் பாக்கிறவர் டேலி ஆகலைன்னு கேட்டா நீங்க போய் பதில் சொல்வீங்களா?"

ரெண்டு நாள் இழுத்துச்சு. நான் டேமேஜர்கிட்ட போய், அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்னு சொல்லி அவங்க தலைக்கு மேல ஓகே வாங்கினேன். அதே வாரம்தான் அப்ரைசல் எழுதினேன், அதே சூட்டோட. ரெண்டு மாசம் கழிச்சு கிளையன்ட்டோட அக்கவுன்ட்ஸ் ஆள் மெயில் போட்டார். கோடை மாத்த ரெண்டு நாள்தான் ஆச்சு. ஏற்கனவே போன பில்லையெல்லாம் சரி பண்ண நாலு சனிக்கிழமை போச்சு. அதுக்குள்ள அப்ரைசல் மூடியாச்சு.

இதுல அக்கா தெய்வம், நான் வில்லன்னு கதையை முடிச்சுட்டா ஈஸி. அப்படியும் இல்லை. அதே வருஷம் ஒரு பட்டன் கலருக்காக இன்னொரு ரிலீஸை ஒரு நாள் நிறுத்தினாங்க. அது வீம்புதான்னு இப்பவும் சொல்வேன், அவங்க முகத்துக்கு நேராவும் சொல்வேன். என் கன்விக்‌ஷன் கதையும் அப்படித்தான். மூணு வாரம் மல்லுக்கட்டிக் காப்பாத்தின டேட்டாபேஸை ஆறே மாசத்துல நானே மாத்தினேன். அதை எந்தப் பொட்டியிலயும் யாரும் எழுதலை.

ஆனா எனக்கு ஹைக் 12 சதவீதம். அவங்களுக்கு ரேட்டிங் ஒரு படி இறங்கி 4 சதவீதம். வித்தியாசத்துக்கு என் மூணு வரி மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது. காரணமே இல்லைன்னு நான் என்னை ஏமாத்திக்கவும் முடியாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீ குடிக்கப் போனப்போ அக்காகிட்ட சொன்னேன். போன வருஷம் இப்படி எழுதினேன், தப்பு, அந்த வார்த்தையைப் போட்டிருக்கக் கூடாதுன்னு. அவங்க டீயை ஆத்திட்டே கேட்டாங்க.

"தெரியும் தம்பி. ரிசல்ட் வரும்போது நமக்கும் காட்டுவாங்கல்ல. இப்ப அதை மாத்த முடியுமா?"

"சிஸ்டம்ல மாத்த முடியாதுக்கா. லாக் ஆயிடும்."

"அப்ப விடுங்க. அந்த நாலு பர்சென்ட்ல பையன் ஸ்கூல் வேன் காசுகூட ஏறலை. அது ஒரு வருஷம். போச்சு." கொஞ்ச நேரம் கழிச்சு, "நேர்ல சண்டை போட்டீங்க, அது பரவால்ல. எழுதினது நேர்ல சொல்லலையே, அதுதான் கஷ்டமா இருந்துச்சு"ன்னாங்க.

எனக்கு டீ இறங்கலை.

திங்கக்கிழமை லேப்டாப்பை எடுத்துட்டு அவங்க சீட்டுக்கே போனேன். பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து, அவங்க பாக்கப் பாக்க எழுதினேன். குணத்தைச் சொல்ற ஒரு வார்த்தையும் போடலை. ரிஜிட் கிடையாது, டினேஷியஸும் கிடையாது. இந்த மாசம் இந்த ரிலீஸ்ல இதைக் கண்டுபிடிச்சாங்க, நாங்க கேக்கலை, இத்தனை சனிக்கிழமை போச்சு. அவ்வளவுதான். ரெண்டாவது பொட்டியில பட்டன் கலரையும் எழுதினேன். "எழுதுங்க, அது நடந்ததுதானே"ன்னாங்க. ஆனா அந்த ஒரு நாள் லேட்டுக்கு டிசைன் ஃபைல் லேட்டா வந்ததும் காரணம்னு ஒரு வரி சேக்க வெச்சாங்க. அதுவும் நடந்ததுதான். எனக்குத்தான் அது தெரியாது.

கடைசியா, ரிலீஸுக்கு முன்னாடி அவங்க நிறுத்தின பெரிய பக் இந்த வருஷம் 14-ன்னு எழுதினேன்.

"பதினாறு தம்பி."

"பதினாலுதான்க்கா. நான் எண்ணினேன்."

"பதினாறு."

"பதினாலு."

மத்த மூணு பேரும் திரும்பிப் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. டிக்கெட்டை ஒவ்வொண்ணா திறந்து ரெண்டு பேரும் சேந்து எண்ணினோம். அரை மணி நேரம்.

பதினஞ்சு.

டிஸ்கி: மத்த நாலு பேரோட ஃபார்மையும் அவங்கவங்க சீட்டுக்குப் போய்த்தான் எழுதணும்னு முடிவு பண்ணியிருக்கேன். டேமேஜருக்கு விஷயம் தெரிஞ்சு, இது நம்ம ப்ராசஸ் கிடையாதேன்னார். நான் மாத்திக்கிறதா இல்லை. அடுத்த வருஷம் எனக்கு என்ன வார்த்தை வருதுன்னு பாப்போம்.